ஓடைக்கு மூன்றாண்டுக் கணக்கு தெரியாது

நீரியல் ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கும் ஆய்வு நிறுவனங்களை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

சிறு ஓடைகளின் கரையில் மழை, நீரோட்டம், மண்ணரிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அளப்பவர்கள் நாங்கள். இந்த நிலையங்களுக்கு நீங்கள் தரும் பணம் பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டமாக வருகிறது. முதல் ஆண்டு கருவி வாங்குவதிலும் பொருத்துவதிலும் போய்விடுகிறது. மூன்றாம் ஆண்டு அறிக்கை எழுதுவதில் போகிறது. இடையில் மிஞ்சும் ஒற்றை ஆண்டை வைத்துக்கொண்டு, ஒரு மலைச்சரிவு எவ்வளவு மண்ணை இழக்கிறது என்று சொல்லச் சொல்கிறீர்கள். ஆய்வாளர்கள் சொல்லவும் செய்கிறார்கள். அந்த எண்ணை நம்பி அணை கட்டுகிறார்கள், சாலை வெட்டுகிறார்கள், மரம் வெட்ட அனுமதி தருகிறார்கள். அப்படி வந்த எண்களில் பல தவறானவை. அந்தத் தவறு இரண்டு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால் சராசரியில் சரியாகிவிடும் என்று ஆறுதல் கொள்ளலாம். அப்படி இல்லை. பெரும்பாலும் அது ஒரே பக்கம் சாய்கிறது: உண்மையில் போன மண்ணைவிடக் குறைவாகவே காட்டுகிறது. ஏன் அப்படி ஆகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று சொல்வதற்கே இந்த மடல்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மழை இல்லாத நாளில் ஓர் ஓடையில் வினாடிக்கு 10 லிட்டர் நீர் ஓடுகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் வண்டல். ஒரு முழு நாளில் அந்த ஓடை சுமந்து செல்லும் மண் 17 கிலோ சொச்சம். இப்போது பெருமழை வருகிறது. வினாடிக்கு 1,000 லிட்டர், லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். வினாடிக்கு 5 கிலோ மண். நேற்று நாள் முழுதும் போன மண் இன்று மூன்றரை வினாடியில் போய்விடுகிறது. அந்த வெள்ளம் ஒரு மணி நேரம் நின்றால் 18 டன். மழையில்லா நாட்களின் கணக்கில் அது ஆயிரத்து நாற்பது நாள், ஏறத்தாழ மூன்றாண்டு. உங்கள் திட்டக் காலம் முழுவதற்கும் ஒரே ஒரு மணி நேரம் ஈடாகிவிட்டது. எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவைதாம். ஆனால் சரிவு செங்குத்தாகவும் மண் மூடாக்கில்லாமலும் இருக்கும் சிறு படுகைகளில் (ஓர் ஓடைக்கு நீர் வடிந்து வரும் நிலப்பரப்புகளில்) இந்த அளவு வித்தியாசம் அதிசயமே அல்ல.

இனி, வாரம் ஒருமுறை போய் ஒரு பாட்டில் நீர் மொண்டு வரும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். மூன்றாண்டுக்கு 156 பாட்டில். வெள்ளம் ஓடும் நேரம் மொத்த நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால், வெள்ளத்தில் மொள்ளப்படும் பாட்டில் மூன்று. அந்த மூன்றும் உச்சத்தில் எடுக்கப்பட்டிருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மழை கொட்டும் நேரத்தில் ஆள் ஓடைக்கு இறங்குவதும் இல்லை. பாதை வழுக்கும், இருட்டாக இருக்கும். ஆக, மண் போகாத நேரத்தை மிகத் துல்லியமாக அளந்து வைத்திருக்கிறோம்.

இதைச் சரிக்கட்ட ஒரு வழி எல்லாரும் அறிந்ததே. கிடைத்த பாட்டில்களைக் கொண்டு நீரோட்டத்துக்கும் வண்டல் செறிவுக்கும் ஓர் உறவு வரைகிறோம். இரண்டையும் லாகரிதம் எடுத்து நேர்கோடு பொருத்தி, தொடர்ச்சியாகப் பதிவான நீரோட்டத்தில் அதைப் பெருக்குகிறோம். இதில் ஒரு குழி இருக்கிறது. லாகரிதத்தில் பொருத்திய கோட்டைத் திருப்பி எடுக்கும்போது கிடைப்பது சராசரி அல்ல, அதைவிடக் குறைந்த எண். 1986இல் ராபர்ட் ஃபெர்குசன் என்ற ஆய்வாளர் இதை எடுத்துக்காட்டினார். சுமை, அதாவது ஓடை சுமந்து செல்லும் மண்ணின் மொத்த அளவு, பாதி வரைகூடக் குறைத்து மதிப்பிடப்படலாம் என்றார். கோட்டைச் சுற்றிய சிதறல், பத்தை அடிமானமாகக் கொண்ட லாகரிதத்தில், 0.3 என்றால் விடையை 1.27ஆல் பெருக்க வேண்டும். 0.4 என்றால் 1.53ஆல். சிதறல் வர்க்கமாக அடுக்கில் ஏறுவதால் திருத்தம் விறுவிறுவென்று கூடுகிறது. இந்தத் திருத்தத்தைச் செய்தார்களா என்று ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் முதலில் பாருங்கள். செய்யவில்லையென்றால் மீதியைப் படிக்கும் முன்பே சந்தேகம் வர வேண்டும்.

திருத்தம் செய்தாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஒரே அளவு நீர் ஓடும்போது, வெள்ளம் ஏறுகையில் கலங்கல் ஒரு மாதிரி இருக்கும், இறங்குகையில் வேறு மாதிரி இருக்கும். ஓடையின் அடித்தரையிலும் பக்கத்துச் சரிவிலும் தளர்ந்து கிடந்த மண்ணை முதல் நீர் அள்ளிக்கொண்டு போய்விட்டால், உச்சம் தாண்டியதும் அதே நீரோட்டம் தெளிந்து வரும். தொலைவிலிருந்து மண் வந்தாலோ, வெள்ளம் வடிகையில் ஊறிய கரை இடிந்து விழுந்தாலோ, தலைகீழாக இறங்குமுகத்தில் கலங்கல் கூடும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே இந்த ஏறுமுக இறங்குமுக வேறுபாடு திசை மாறுவதும் உண்டு. அது ஒரு தடயம். மண் எங்கிருந்து வருகிறது, சரிவிலிருந்தா, கரையிலிருந்தா, சாலையோரப் பள்ளத்திலிருந்தா என்று அதுதான் சொல்கிறது. ஒரு மழைக்குப் பத்துப் பதினைந்து பாட்டிலாவது, ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் பிரித்து எடுத்தால்தான் அது கண்ணில் படும்.

அதற்காகத்தான் தானே நீர் உறிஞ்சி நிரப்பும் பம்ப் சாம்ப்ளர் கேட்கிறோம். ஒரு வட்டத்தில் 24 பாட்டில் வைத்த பெட்டி. வாங்கித் தருகிறீர்கள்; நன்றி. ஆனால் அதை வாங்கிப் பொருத்திய முதல் ஆண்டில் நடப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். நீர்மட்டம் எவ்வளவு ஏறினால் வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஒரு குறி வைக்க வேண்டும். தாழ்வாக வைத்தால் சிறு தூறலுக்கே 24 பாட்டிலும் நிரம்பிவிடும். மறுநாள் பெருமழை வரும்போது பெட்டி நிறைந்து சும்மா நிற்கும். உயர்த்தி வைத்தால் ஏறுமுகத்தின் முதல் கலங்கலைத் தவறவிடும். சீரான நேர இடைவெளியில் எடுக்கச் சொன்னால், அரை மணியில் முடியும் வெள்ளத்துக்கு ஓரிரு பாட்டிலும், நீண்டு வடியும் நீருக்கு மற்ற எல்லாப் பாட்டிலும் போகும். உறிஞ்சு குழாயின் வாய் ஓடையின் அடித்தரைக்கு மிக அருகில் இருந்தால் மணலை அள்ளும். மேலே இருந்தால் மணலே வராது. குழாய் நீண்டு உயரமாக ஏறினால் பம்ப் களிமண்ணைக் கொண்டுவந்து மணலைப் பாதி வழியில் விட்டுவிடும். எந்த ஓடைக்கு எந்தக் குறி சரி என்று அந்த ஓடையின் ஏழெட்டு வெள்ளங்களைப் பார்த்த பிறகே தெரியும். சில இடங்களில் ஏழெட்டு வெள்ளம் வர நான்கு ஆண்டு ஆகும்.

பாட்டில் வந்த பிறகு ஆய்வகத்தில் நடப்பது எளிமையாகத் தோன்றும்: வடிகட்டு, 105 பாகை செல்சியஸில் உலர்த்து, ஈரம் ஏறாமல் ஆற வை, எடை போடு. ஆனால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இருக்கும் நீரில் 100 மில்லிலிட்டர் மட்டும் வடிகட்டினால் தாளில் தங்குவது 2 மில்லிகிராம். கண்ணாடி இழைத் தாளை முன்கூட்டியே கழுவி உலர்த்தாவிட்டால் தாளிலிருந்து உதிரும் இழையின் எடையே அதைத் தின்றுவிடும். தெளிந்த நீருக்கு ஒரு லிட்டரும், கலங்கல் நீருக்கு 50 மில்லிலிட்டரும் என்று அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொகுப்பிலும் வெறும் நீர் வடித்த தாள் ஒன்று கூடவே போக வேண்டும். இருட்டில், குளிர்ச்சியில் வைக்காத பாட்டிலில் சில நாளில் பாசி முளைக்கும், அதுவும் எடை.

கலங்கலைத் தொடர்ச்சியாக ஒளியால் அளக்கும் சென்சாரைப் பொருத்தினால் பாட்டிலே வேண்டாமே என்று கேட்கிறீர்கள். வேண்டும். சென்சார் தருவது ஒளி சிதறும் அளவு, கிராம் அல்ல. ஒரே எடையுள்ள களிமண் மணலைவிட மிக அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும். எனவே, மண்ணின் துகள் அளவு மாறினால் அதே எண் வேறு எடையைக் குறிக்கும். அந்தந்த ஓடையின் மண்ணைக் கொண்டு, முடிந்தால் மழைக்கு மழை, பாட்டிலோடு ஒப்பிட்டே எண்ணை எடையாக மாற்ற முடியும். மழையே இல்லாமல் நாலைந்து நாளாகக் கலங்கல் எண் மெல்ல மெல்ல ஏறுகிறதென்றால், ஓடை கலங்கவில்லை, கண்ணாடியில் பாசி படர்கிறது. இது பதிவைத் தினமும் பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் தெரியும். மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தரவிறக்கிப் பார்ப்பவருக்கு அது ‘அடிப்படைக் கலங்கல் உயர்வு’ என்று ஓர் ஆய்வு முடிவாகவே தோன்றிவிடும்.

மண்ணின் கணக்கு எல்லாம் நீரோட்டத்தின் கணக்கில் ஏறி நிற்கிறது. அதைச் சற்று அருகில் பார்ப்போம். சிறு ஓடையில் வி வடிவ வெட்டுள்ள எஃகுத் தகட்டைக் குறுக்கே நிறுத்தி, வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்கிறோம். 90 பாகை வெட்டுக்கு, அந்த உயரத்தை மீட்டரில் எடுத்து, இரண்டரை அடுக்குக்கு உயர்த்தி, 1.38ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். உயரம் 10 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்கு 4.4 லிட்டர். 11 சென்டிமீட்டர் என்றால் 5.5. ஒரு விரல் அகலம்கூட இல்லாத பிழை நீரின் அளவை நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேல் தள்ளிவிடுகிறது. தகட்டு வெட்டில் ஒரு சருகு சிக்கினால் போதும். பதிவில் அது எப்படி இருக்கும் என்றால், மழை இல்லாமல் மட்டம் படிப்படியாக ஏறி, யாரோ வந்து சருகை எடுத்த நிமிடத்தில் சட்டென்று விழும்.

நீருக்குள் வைக்கும் அழுத்த சென்சாரில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. காற்றோட்டக் குழாய் இல்லாத வகை நீரின் அழுத்தத்தோடு வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. வளிமண்டல அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறியதுபோலக் காட்டும். கரையில் வளியழுத்தமானி ஒன்று வைத்துக் கழிக்க வேண்டும். அந்தச் சிறு கருவியைச் செலவு மிச்சம் பிடிக்க நீக்கிவிட்ட திட்டங்கள் உண்டு. புயல்மழை வரும்போது வளியழுத்தம் 5 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், 15 சென்டிமீட்டர் நிற்கும் நீரை சென்சார் 10 என்று எழுதும். உண்மையில் ஓடுவது வினாடிக்கு 12 லிட்டர்; பதிவாவது 4.4. எந்த நேரத்தில் சரியாக இருக்க வேண்டுமோ அந்த நேரத்தில் பொய் சொல்லும் பதிவு அது. இதைப் பிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு முறையும் ஒருவர் போய், கரையில் நட்ட மட்டக்கோலைக் கண்ணால் படித்து, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதி வருவது.

தகட்டுக்கு மேல்புறம் தேங்கும் நீரில் மணல் படிகிறது. படியப் படிய ஆழம் குறைந்து, நீர் வேகத்தோடு வந்து வெட்டில் பாய்கிறது. சூத்திரம் நீர் தேங்கி நிற்பதாக நினைத்துக் குறைத்துச் சொல்கிறது. அந்த மணலை வாரிக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொட்டுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். பாட்டிலில் வருவது நீரில் மிதந்து போகும் மண் மட்டுமே. அடித்தரையில் உருண்டு வரும் மணலும் சரளையும் இந்தத் தேக்கத்தில்தான் பிடிபடுகின்றன. வாருவதற்கு முன்னும் பின்னும் தேக்கத்தின் தரையைக் குறுக்குக் கோடுகளில் மட்டம் பார்த்து, ஈர மணலில் ஒரு பங்கை உலர்த்தி எடை போட்டால், உருண்டு வரும் சுமை ஓரளவு கைக்கு வரும். மண் மிகுதியாக வரும் ஓடையில் தகடு வேண்டாம், ஃப்ளூம் (நீரைத் தேக்காமல் ஓடவிட்டே அளக்கும் குறுகிய கால்வாய்) கட்டுங்கள். அரிசோனாவின் வால்நட் கல்ச் ஆய்வுப் படுகையில், வெறும் மணல் ஓடைகளில் திடீரென்று வரும் வெள்ளத்துக்காகவே, நீர் தேங்காமல் விரைந்து பாயும் ஃப்ளூம்களை வடிவமைத்தார்கள். 1953இல் தொடங்கிய அந்தப் படுகை இன்றும் இயங்குகிறது.

தகடும் ஃப்ளூமும் கட்ட முடியாத பெரிய ஓடைகளில் நீரோட்டமானியோடு ஆள் இறங்க வேண்டும். குறுக்கே இருபது இருபத்தைந்து இடங்களில், நீர்ப்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு கீழே மானியைப் பிடித்து, ஒவ்வோர் இடத்திலும் 40 வினாடியாவது வேகம் பார்க்க வேண்டும். ஆழம் மிகுந்தால் பத்தில் இரண்டிலும் எட்டிலும் பார்த்துச் சராசரி. எந்த ஒரு பகுதியிலும் மொத்த நீரில் பத்தில் ஒன்றுக்கு மேல் போகாதபடி பிரித்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பல மட்டங்களில் அளந்தால்தான் மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் வளைகோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் எப்போதும் காலியாக இருக்கும். முழங்கால் நீரில் அளந்த புள்ளிகளை வைத்து, ஆளுயர வெள்ளத்துக்குக் கோட்டை நீட்டிவிடுகிறார்கள். ஓர் அறிக்கையில் நீங்கள் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: நேரில் அளந்த மிக உயர்ந்த மட்டம் எது, அதற்கு மேலே போன வெள்ளம் மொத்தச் சுமையில் எத்தனை பங்கு? ஆள் இறங்க முடியாத வெள்ளத்துக்குக்கூட வழி இருக்கிறது. கரையில் நட்ட குழாய்க்குள் ஒரு மரக்கோலும் ஒரு கைப்பிடி தக்கைத்தூளும் போட்டு வைத்தால், நீர் ஏறி இறங்கிய பிறகு உச்ச மட்டத்தில் தூள் கோலில் ஒட்டி நிற்கும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். மட்டத்தைத் தானே பதியும் லாகர் அடித்துச் செல்லப்பட்ட நாளிலும் அந்தக் கோடு இருக்கும்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ‘எளிமையானது’ என்று மெத்தனம் அதிகம். நாளுக்கு ஒருமுறை அளந்த மழையைக் கொண்டு மண்ணரிப்பைக் கணிக்க முடியாது. 40 மில்லிமீட்டர் நாள் முழுதும் தூறினால் மண் குடித்துக்கொள்ளும். அதே 40 மில்லிமீட்டர் அரை மணியில் கொட்டினால், அது மணிக்கு 80 மில்லிமீட்டர் வேகம்; மண்ணின் மேல்தோல் அடைபட்டு நீர் ஓடத் தொடங்கும். 5 மில்லிமீட்டர் துளி தரையைத் தொடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வருகிறது. அந்த மோதல்தான் மண்ணைப் பெயர்க்கிறது. அதனால்தான் மழையின் ஆற்றலையும், அந்த மழையில் மிக வேகமாகப் பெய்த 30 நிமிடத்தின் வேகத்தையும் பெருக்கி அரிப்புத் திறன் என்று வைத்திருக்கிறோம். நிமிடக் கணக்கில் பதிவில்லாத மழைமானியிலிருந்து அதை எடுக்க வழியே இல்லை.

நிமிடக் கணக்குக்குக் கவிழ்வாளி மழைமானி. வாய் 200 மில்லிமீட்டர் விட்டம், ஒரு கவிழ்வுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால் வாளி 6.28 மில்லிலிட்டரில் கவிழ வேண்டும். சரிபார்க்கும் முறை: 628 மில்லிலிட்டர் நீரை அளந்து, சிறு துளைக் குழாய் வழியாக ஒரு மணி நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். நூறு கவிழ்வு வர வேண்டும். அதே நீரைப் பன்னிரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். இப்போது எண்ணிக்கை குறையும். வாளி கவிழத் தொடங்கி நடுநிலை தாண்டும் வரை விழும் நீர் நிரம்பிய வாளிக்குள்ளேயே போய்க் கணக்கில் வராமல் கொட்டிவிடுகிறது. எத்தனை குறைந்தது என்று எழுதி வைத்துத் திருத்தம் செய்ய வேண்டும். இங்கும் பிழை பெருமழையில்தான் கூடுகிறது, குறைவாகவே காட்டுகிறது என்பதைக் கவனியுங்கள். மானியைச் சுற்றியுள்ள மரமோ சுவரோ, மானியின் வாய்க்கு மேல் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். மூன்றாண்டுக்கு முன் இடுப்பளவு இருந்த செடி இப்போது நிழல் தருகிறதென்றால் மழை குறைந்ததுபோலவே பதிவு சொல்லும். புனலில் சிலந்தி வலை, பறவை எச்சம், உதிர்ந்த பூ. பாதி அடைத்த புனல் மழையை விழுங்காது, தாமதப்படுத்தும்: மொத்தம் சரியாக இருக்கும், வேகம் தவறாக இருக்கும். மண்ணரிப்புக்கு வேகம்தான் வேண்டும். மழைமானியின் கடிகாரமும் மட்டமானியின் கடிகாரமும் ஐந்து நிமிடம் விலகியிருந்தால், பதினைந்து நிமிடத்தில் வெள்ளம் வந்து சேரும் படுகையில் எந்தக் கணக்கும் ஒட்டாது. போகும்போதெல்லாம் இரண்டு கடிகாரத்தையும் ஒரே கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

சரிவில் மண்ணை நேரடியாக அளப்பதைக் குறித்து ஒன்று மட்டும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் அது 10 கனமீட்டர், ஏறத்தாழ 13 டன். ஓர் ஆண்டில் அது பெரிய இழப்பு. கண்ணுக்குத் தெரியாது, மண் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கத் தரையில் அடித்த அரிப்பு ஆணியும் அதை நம்பகமாகக் காட்டாது. ஆணியைச் சுற்றி நீர் சுழன்று தோண்டும் குழியே அதைவிட ஆழம். ஓராண்டு ஆணி அளவீட்டை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வரை எழுதித் தரும் அறிக்கையை ஏற்காதீர்கள்.

நீண்ட பதிவு எதைத் தந்தது என்று கேட்பீர்கள். சுவிட்சர்லாந்தில் ஸ்பெர்பெல்கிராபென், ரப்பென்கிராபென் என்ற இரண்டு சிறு படுகைகளில் 1903இல் அளக்கத் தொடங்கினார்கள். ஒன்றில் காடு மிகுதி, மற்றதில் குறைவு. ஆனால் இரண்டு படுகைகள் மரத்தில் மட்டுமா வேறுபடும்? மண், பாறை, சரிவு எல்லாமே வேறு. அதனால் கொலராடோவின் வாகன் வீல் கேப்பில் வேறு வழி பார்த்தார்கள். 1910 முதல் இரண்டு படுகைகளையும் தொடாமல் அளந்தார்கள். ஒன்று எப்படி ஓடினால் மற்றது எப்படி ஓடும் என்ற உறவு உறுதியான பிறகே, 1919இல், ஒன்றில் மரத்தை வெட்டி, 1926 வரை அளந்தார்கள். கையை வைப்பதற்கு முன் எட்டு ஒன்பது ஆண்டு. இந்த முறையைத்தான் அமெரிக்காவில் 1934இல் தொடங்கிய கொவீட்டா உட்பட எத்தனையோ ஆய்வுப் படுகைகள் பின்பற்றின. மூன்றாண்டில் இதைச் செய்யச் சொன்னால் அரைக்கிணறு தாண்டச் சொல்வதுதான்.

மண்ணின் விஷயத்தில் காத்திருப்பு இன்னும் நீளும். மரத்தை வெட்டியதும் வேர் அழுகிவிடுவதில்லை. சரிவைப் பிடித்திருக்கும் வேரின் பலம் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்து, புது வேர் பிடிக்கும் முன்பாக, வெட்டிச் சில ஆண்டுகள் கழிந்தே மிகக் குறைகிறது. சரிவு சரியும் ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது உங்கள் திட்டம் முடிந்து, சென்சாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். ‘மரம் வெட்டியதால் மண்ணரிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்ற முடிவும் அச்சாகியிருக்கும்.

ஓடு நீர் எங்கே தொடங்குகிறது என்ற அடிப்படைக் கேள்விக்கே எத்தனை காலம் ஆயிற்று என்று பாருங்கள். 1933இல் நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன், மண் குடிக்கும் வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்தால் மிஞ்சுவது ஓடுகிறது என்றார். வெறும் மண்ணுக்கும் வறண்ட நிலத்துக்கும் அது பொருந்தியது. காட்டு மண்ணில் பொருந்தவில்லை. அங்கே எந்த மழையும் எளிதில் உள்ளே இறங்கிவிடுகிறது, ஆனாலும் ஓடை பெருகுகிறது. 1967இல் ஹ்யூலெட்டும் ஹிப்பர்ட்டும், 1970இல் டன்னும் பிளாக்கும், ஓடையோரத்தில் ஏற்கெனவே நீர் ஊறி நிறைந்த நிலம் மழையில் விரிந்து சுருங்குவதையும், அங்கே விழும் மழைதான் உடனே ஓடுவதையும் எடுத்துக்காட்டினார்கள். தடுப்பு வரப்பைச் சரிவில் போடுவதா, ஓடையோரத்தில் செடி நடுவதா என்ற முடிவு இதைப் பொறுத்தது. வால்டர் விஷ்மையரும் ட்வைட் ஸ்மித்தும் உருவாக்கிய மண்ணிழப்புச் சமன்பாட்டை நீங்கள் எல்லாத் திட்டத்திலும் கேட்கிறீர்கள். 22.1 மீட்டர் நீளம், 9 விழுக்காடு சரிவு என்ற அளவுத் துண்டு நிலம்தான் அதன் அடித்தளம். அதற்குப் பின்னால் 49 இடங்களில் எடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டு-ஆண்டுப் பதிவு (ஒரு துண்டு நிலத்தை ஓராண்டு அளந்தால் ஒன்று) இருக்கிறது. அவர்கள் மழைக்கு 22 ஆண்டுப் பதிவை எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சமன்பாட்டில் ஓராண்டு மழையைப் போட்டு, வந்த விடையை ஓடையின் வண்டல் என்று எழுதுவது இரட்டைத் தவறு. சரிவில் பெயர்ந்த மண்ணெல்லாம் ஓடைமுகத்துக்கு வந்து சேர்வதில்லை.

எனவே, நாங்கள் கேட்பது இவை. ஓடை நிலையத்துக்கு நிதி தருவதானால் பத்தாண்டுக்குக் குறையாமல் தாருங்கள். ஆண்டுத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை. தொகையைக் கருவிக்குக் குறைத்து ஆளுக்குக் கூட்டுங்கள். வாரம் ஒருமுறையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஓடைக்குப் போய், மட்டக்கோலைப் படித்து, சருகை எடுத்து, கடிகாரம் பார்த்து, குறிப்பேடு எழுதும் களப்பணியாளர்தான் பதிவின் உயிர். அவரைத் திட்டத்துக்குத் திட்டம் மாற்றினால், எந்த எண் நம்பத்தகாதது என்ற அறிவு அவரோடு போய்விடுகிறது. அவருடைய பணி நிலையானதாக இருக்கட்டும். ஓய்வு பெறும் முன் அடுத்தவர் ஓராண்டு கூடவே நடக்கட்டும். சென்சாரை மாற்றும்போதும் அப்படித்தான்: பழையதும் புதியதும் ஒரு முழு மழைக்காலமாவது பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கருவி மாறிய ஆண்டில் மழை மாறியதாகப் பதிவு சொல்லும். ஆய்வாளரை எடைபோடும்போது கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். இடைவெளி இல்லாத, பிழை குறித்த, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்ட பத்தாண்டுப் பதிவை ஒரு முதல்தரப் படைப்பாக எண்ணுங்கள். இளம் ஆய்வாளர்கள் நீண்ட அளவீட்டை விட்டு கணினி மாதிரிக் கணக்குப் பக்கம் ஓடுவது சோம்பலால் அல்ல. அங்கேதான் வேலை நிலைக்கிறது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

நிலையத்தை மூடித்தான் ஆக வேண்டும் என்ற நிலையும் வரும். அப்போது இதையாவது செய்யுங்கள். மட்டக்கோலின் சுழியத்தைப் பாறையிலோ கான்கிரீட்டிலோ பதித்த மூன்று நிலைக்குறிகளோடு மட்டம் பார்த்து எழுதி வையுங்கள். ஒன்று அழிந்தாலும் இரண்டு மிஞ்சும். வளைகோட்டை மட்டும் அல்ல, அதற்காக நேரில் அளந்த ஒவ்வொரு புள்ளியையும், திருத்தாத மூலப் பதிவையும், குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் சேமியுங்கள். கடைசியாக ஓடையின் குறுக்குவெட்டுகளை அளந்து, ஒவ்வொன்றின் இரு முனையிலும் குறி நடுங்கள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் கூன் கிரீக் என்ற படுகையில் 1930களில் மண் பாதுகாப்புத் துறையினர் பள்ளத்தாக்கின் குறுக்கே கோடு கோடாக மட்டம் பார்த்துக் குறி நட்டுச் சென்றார்கள். பிறகு ஸ்டான்லி டிரிம்பிள் என்ற ஆய்வாளர் 1970களிலும் 1990களிலும் அதே கோடுகளில் திரும்ப அளந்தார். சரிவில் அரிப்பு வெகுவாகக் குறைந்த காலத்திலும் ஓடைமுகத்தில் வெளியேறும் வண்டல் ஏறத்தாழ மாறாமல் இருந்ததையும், மாறியதெல்லாம் பள்ளத்தாக்கில் படிந்து தங்கிய மண்ணின் அளவுதான் என்பதையும் அப்படித்தான் கண்டார். ஓடைமுகத்தில் மட்டும் அளந்திருந்தால், மண் பாதுகாப்பு வேலை பயனற்றது என்று முடிவு கட்டியிருப்பார்கள். குறியை நட்டவர்கள் வேறு, திரும்பி வந்து அளந்தவர் வேறு. உங்கள் திட்டம் முடிந்து கருவிகளைக் கழற்ற வரும் ஒப்பந்தக்காரரின் ஆணையில் ‘நிலைக்குறிகளையும் குறுக்குக் கோட்டு முனைகளையும் தொடக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கரையில் அளவெடுக்கும் நீரியல் ஆய்வாளர்களும் களப்பணியாளர்களும்